தியாகராயநகரமும் சௌந்தரபாண்டியனார் அங்காடியும்

சென்னைக்கு வந்து குடியேறிய நம்மவருள் தியாகராயநகரத்துக் கடைவீதிகளை மிதியாதார் ஒருவரும் இரார். கலியாணத்திற்குச் சேலையெடுக்கவும், தீபாவளிக்குத் துணியெடுக்கவும், பாத்திரம் பண்டம் வாங்கவும் தென்பாண்டி நாட்டிலிருந்து ரயிலேறி வருகின்ற நமது உறவின்முறையார்க்கும் அவ்விடம் பழக்கமானதே. ஆயினும் அவ்வீதிகளின் பெயர்ப்பலகைகளை நின்று படிப்பார் மிகச் சிலர். படித்துப் பார்ப்பின், அவை ஒரு காலத்தில் இம்மாகாணத்தை ஆண்டு, பின்னர்ப் பெயரும் மாறிப் போன ஓர் அரசியற் கட்சியின் அங்கத்தினர் ஜாபிதாவைப் போலிருத்தல் விளங்கும். அந்த ஜாபிதாவில் நம்மவர் ஒருவர் பெயரும் இருக்கின்றமையால், அதன் வரலாற்றை இவ்விதழில் ஒருவாறு எழுதத் துணிந்தோம்.

இற்றைக்கு நூறாண்டுகட்குச் சற்று முன், அதாவது 1916ஆம் ஆண்டில், சென்னையின் தென்பகுதியில் அரசியல் பேசப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று அடையாறு. 1882 முதல் பிரம்மஞான சபையாரின் இருப்பிடமாயிருந்த அத்தோட்டத்திலிருந்து அன்னிபெசண்டு அம்மையார் அவ்வாண்டு செப்டம்பரில் சுயாட்சிச் சங்கத்தைத் தொடங்கினார். மற்றொன்று மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும் லஸ் பக்கத்திலும் வாழ்ந்த வக்கீல்களும் நீதிபதிகளும் காங்கிரசிலும் சர்வகலாசாலையிலும் செல்வாக்கு மிக்கிருந்தனர். அவர்கள் கல்வியாலும் உழைப்பாலும் உயர்ந்தவர்களே. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அவ்விரண்டு இடங்களிலும் பிராமணரல்லாதார்க்கு உட்கார ஒரு பாய் விரிக்கப்படவில்லை என்பதும் மெய்யே. மாம்பலம் அந்நாளில் பட்டணமன்று. நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பேரேரியின் கரையில் வயலும் தோப்புமாயிருந்த கிராமம்.

அவ்வாண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தவருள் மூவரை முதலிற் சொல்லுதல் வழக்கம்: சர் பிட்டி தியாகராயச் செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார். இவர்களுள் முதலிருவரும் நகராண்மைக் கழகத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள். அவர்களை ஓரிடத்திற் கூட்டிவைத்த பெருமை நடேசனாரைச் சார்ந்தது. அவர் திருவல்லிக்கேணியிற் பிராமணரல்லாத மாணவர்க்கென ஒரு விடுதி நடத்தி வந்தவர். வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகட்குச் சோறும் தங்க இடமும் கிடைத்தல் அந்நாளில் எத்துணை அரிதென்பதை, மகமை கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய நம் சமூகத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டா. அடுத்த ஆண்டு சங்கத்தார் ‘ஜஸ்டிஸ்’ என்னும் இங்கிலீஷ் பத்திரிகையை வெளியிட்டனர். சங்கத்தின் நீண்ட பெயரை விட்டுப் பத்திரிகையின் பெயராலேயே சனங்கள் கட்சியை அழைத்தனர். நீதிக்கட்சி என்பது அவ்வாறு வந்த பெயராம்.

1920ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கிரசார் ஒதுங்கி நின்றனர். நீதிக்கட்சியார் 98 இடங்களில் 63 பெற்றனர். கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். அவர் அப்பதவியைத் தாம் ஏற்காது, கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் காட்டினார். பதவியைக் கண்டு ஒதுங்கிய தலைவர் கதைகள் நம் நாட்டில் மிகுதியும் கேட்கப்படுவன அல்ல; ஆதலின் இதனை ஈண்டு ஒரு வரி எழுதிவைத்தோம். தியாகராயர் சென்னை நகராண்மைக் கழகத்தின் தலைமையோடு அமைந்தார். அவர் காலத்திலேதான், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த கழகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகட்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் செலவிட்டு, நண்பகற் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானம் செய்யப்பட்டது.

நீதிக்கட்சி அதிகாரத்துக்கு வந்த காலத்தில் நம் சமூகத்துக்கு நேர்ந்த நன்மைகளுள் இரண்டைச் சொல்லுவோம். 1897இற் கமுதிக் கோயிலுட் புகுந்ததற்காக நம் முன்னோர் வழக்குக்கு இழுக்கப்பட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் தோற்றுத் திரும்பினர். 1899இற் சிவகாசி பட்ட பாடு நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்றது. 1910இற் பொறையாற்று ரத்தினசாமி நாடார் அவர்களது முயற்சியால் மகாஜன சங்கம் தோன்றியபொழுது, சர்க்கார் ஏடுகளில் நமக்கிருந்த பெயரை மாற்றுவதே அதன் முதற்கவலைகளுள் ஒன்றாயிருந்தது. விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் சென்றது. 1921ஆம் ஆண்டில் அது பலித்தது. ஏடுகளில் ‘நாடார்’ என்று எழுத உத்தரவாயிற்று. இது முதலாவது. இரண்டாவது, 1920இற் சட்டசபைக்கு நம்மவருள் ஒருவர் நியமனம் பெற்றது. அவர்தாம் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தேழு.

மாம்பலத்திற்கு வருவோம். 1920ஆம் ஆண்டில் நகர அமைப்புச் சட்டம் நிறைவேறியபின், பேரேரியின் ஒரு பகுதியை வடித்து அங்கே புதிய குடியிருப்பு அமைக்கும் திட்டம் பனகல் அரசர் முதன் மந்திரியாயிருந்த காலத்திற் கைக்கொள்ளப்பட்டது. நடுவில் ஒரு பூங்கா. அதனைச் சூழ அகன்ற சாலைகள். சாலைகளினின்று கிளைக்கும் தெருக்கள். வீட்டு மனைகள் அளந்து விற்கப்பட்டன. மயிலாப்பூரைப் போலக் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊரன்று இது. மாடவீதியும் தேர்நிலையும் இல்லாமல், இன்னார் இன்ன தெருவில் இருத்தல் வேண்டும் என்ற பழைய முறையுமில்லாமல், பணம் கொடுத்தவர் மனை வாங்கலாம் என்னும் விதியொன்றே கொண்டு எழுந்தது. கடை வைக்க வந்த நம்மவர்க்கு இஃது எத்துணை வசதியாயிற்று என்பது சொல்லாமலே விளங்கும். 1925ஆம் ஆண்டு ஏப்ரலிற் காலஞ்சென்ற தியாகராயரின் பெயர் நகருக்கு வழங்கிற்று. 1931இற் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத்தொடங்கவே, மாம்பலம் நிலையம் நகரத்தின் வாயிலாயிற்று.

இனிப் பெயர்ப்பலகைகளைப் படிப்போம். நடுப் பூங்கா பனகல் அரசர் பெயரால் அமைந்தது. அவரது சிலையும் அங்குண்டு. 1934இற் சில திங்கள் கவர்னராகவே அதிகாரம் நடத்திய முகம்மது உஸ்மான் சாகிப் பெயரால் உஸ்மான் சாலை. இன்னொரு பூங்காவுக்கு நடேசனார் பெயர். நாயர் பெயரால் ஒரு சாலை; தணிகாசலம் செட்டியார் பெயரால் ஒன்று; கோபதி நாராயணசாமி செட்டியார் பெயரால் ஒன்று. 1919இல் இலண்டனில் உயிர்நீத்த நாயர் இந்நகரத்தைக் கண்டதில்லை.

இவற்றுக்கிடையே, தியாகராயர் பெயர் தாங்கிய பெருஞ்சாலையின்மீது அமைந்த கடைவீதியே சௌந்தரபாண்டியனார் அங்காடி. சனங்கள் வழங்கும் பெயர் ‘பாண்டி பஜார்’ என்பதாம். புதுச்சேரியைப் பாண்டியென்று அழைத்தல் வழக்கமாதலின், அங்கிருந்து வந்த சரக்குகள் விற்ற இடமாதல் பற்றி இப்பெயர் வந்ததென்பர் ஒரு சாரார். சௌந்தரபாண்டியன் என்பதன் ஈற்றுப்பகுதியே பாண்டியாயிற்றென்பர் பிறர். நாம் இரண்டாவது கூற்றையே தழுவுகின்றோம். அது நம்மவர் பெயர் என்பதனால் அன்று. சுற்றியுள்ள சாலைகளும் பூங்காக்களும் ஒரே கட்சியாரின் பெயர்களைத் தாங்கி நிற்க, நடுவிலுள்ள கடைவீதி மட்டும் பிரெஞ்சுக்காரர் பட்டணத்தை நினைவூட்ட எழுந்ததென்பது பொருந்தவில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் நடப்போர்க்கென அகன்ற நடைபாதைகளோடு அவ்வீதி புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அதனைக் காணச் சென்ற இளைஞருள் எத்துணைப் பேர் பெயருக்குரியவரை அறிவர் என்பது வேறு விஷயம்.

ஆகவே அவரைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுவோம். 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பட்டிவீரன்பட்டியிற் பிறந்தவர். பழனிமலைச் சரிவிலே தோட்டங்களையுடைய செல்வக் குடும்பம். செல்வமுடையார் சட்டசபைக்குச் செல்லுதல் அந்நாளிற் புதிதன்று. சொத்துடையார்க்கே வாக்குமிருந்த காலம் அது. அவர் வேறுபட்டது இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராய் அமர்ந்தபொழுதே. அந்த ஜில்லாவிலோடிய பஸ்களில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தல் சாதாரணமாயிருந்தது. டிக்கட்டில் அவ்வாறு அச்சிட்டிருந்த முதலாளிகளுமிருந்தனர் என்பர். யாரையேனும் சாதி காரணமாக ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்சு ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். பிரசங்கம் செய்து மனம் திருப்ப முயலாது, லைசென்சில் கைவைத்தார். வியாபாரிகளாகிய நமக்கு இதன் கூர்மை நன்கு விளங்கும்.

1929ஆம் ஆண்டு பிப்ரவரியிற் செங்கற்பட்டிற் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்கு அவரே அக்கிராசனர். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றும், சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து வழங்குதலை விட்டுவிட வேண்டுமென்றும் அம்மகாநாடு தீர்மானித்தது. இந்த இரண்டாவது தீர்மானத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

கட்சியின் குறைகளையும் மறைத்தல் கூடாது. சமீன்தார்களும் மிட்டாதார்களும் அதன் தலைமையை வரவரக் கைக்கொண்டனர். பிராமணரல்லாதார் அனைவர்க்குமென்று தொடங்கியது, ஆதிதிராவிடரைப் பொறுத்தமட்டில் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1921இற் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலை நிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பிற் கலகம் நேர்ந்தபொழுது கட்சித் தலைவர்கள் பேசியவிதம் அச்சமூகத்தாரை மிகவும் புண்படுத்திற்று. எம். சி. ராஜா அவர்கள் 1923இற் கட்சியை விட்டு விலகினார். நமக்குப் பெயர் மாற்றமும் சட்டசபையில் இடமும் கிடைத்த அதே ஆண்டுகளில் இவையும் நடந்தன. 1926இலே தோல்வி, மீண்டும் பதவி, 1937இற் பெருந்தோல்வி. 1944இற் சேலத்து மகாநாட்டில் அது திராவிடர் கழகமென்று பெயர் மாறிற்று. அதற்கு இசையாத சிலர் பழைய பெயரோடேயே சில காலம் நின்றனர்.

நம்மவர் அனைவரும் நீதிக்கட்சியார் அல்லர். 1937இற் சாத்தூரிலிருந்து காங்கிரஸ் சார்பிற் சட்டசபைக்குச் சென்றவர் காமராஜர். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாதையர் அழைத்துச்சென்ற ஆலயப் பிரவேசக் குழுவில் ஆதிதிராவிடர் ஐவரோடு நம்மவர் ஒருவருமிருந்தார். கமுதியில் தோற்ற வழக்கு முப்பத்தொரு ஆண்டுகட்குப் பின் மதுரையில் வேறு வழியாக வெல்லப்பட்டது எனலாம். அது நடந்தது காங்கிரஸ் ஆட்சியில், இராஜாஜியவர்கள் முதன் மந்திரியாயிருந்த காலத்தில். நமது சமூகம் எக்கட்சிக்குக் கடன்பட்டது என்று தேர்தல்தோறும் வந்து கேட்கும் நண்பர்கட்கு, இவ்விரண்டு கணக்கையும் சேர்த்தே நாம் காட்டுதல் வழக்கம்.

இன்னொரு வேடிக்கையுமுண்டு. நீதிக்கட்சியார் தம் பெயரால் நிரப்பிய நகரத்திலேதான் அவர்களை வென்றவர்களும் குடியிருந்தனர். இராஜாஜி பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்தார். ஒன்பது ஆண்டுகட்கு மேல் முதலமைச்சராயிருந்த காமராஜர் திருமலைப் பிள்ளைச் சாலையில் வாடகை வீட்டிலிருந்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். இன்று அது நினைவில்லம். தியாகராயர் ஒரு பள்ளியில் தொடங்கிய பகலுணவைக் காமராஜர் ஆட்சி 1956 தொடங்கி நாடெங்கும் பரப்பிற்று. ஓரணாவிற் பிறந்த திட்டத்தை எதிர்க்கட்சியின் வழிவந்தவர் வளர்த்தார்.

இனி, பட்டத்தைப் பற்றியது. எம். ஜி. ராமச்சந்திரன் அவர்கள் முதலமைச்சராயிருந்த காலத்திலே தெருப்பெயர்களினின்று சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டன. கோபதி நாராயணசாமி செட்டியார் சாலைப் பலகையிற் செட்டியார் மறைந்தார். சனங்கள் வாயில் அவர் இன்னும் இருக்கிறார். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் தெருக்களிலும் ஊர்களிலும் எஞ்சிய சாதிப்பெயர்களை மாற்றுதல் குறித்து மறுபடியும் ஓர் ஆணை பிறந்தது. இதனையொட்டி, அங்காடியின் பலகையில் ‘நாடார்’ என்பதைச் சேர்க்குமாறு சங்கம் விண்ணப்பம் செய்ய வேண்டுமென்று அன்பர் சிலர் நமக்கு எழுதியிருக்கின்றனர். மகாஜன சங்கம் அரும்பாடுபட்டு ஏடுகளில் ஏற்றிய பெயரை நாமே கைவிடலாமோ என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயமில்லாமலில்லை, அப்பெயருக்காக அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எனினும் நமக்கு அது சம்மதமன்று. செங்கற்பட்டில் அக்கிராசனம் வகித்தவருடைய பெயரோடு, அம்மகாநாடு விடச்சொன்ன பட்டத்தை, அவர் 1953இல் மறைந்து எத்தனையோ ஆண்டுகட்குப் பின் கொண்டுபோய் ஒட்டுதல் அவர்க்குச் செய்யும் மரியாதையாகாது. அப்படியானால் சாதியின் பேரால் ஒரு சங்கமும் அதற்கொரு மாத இதழும் எதற்கு என்று கேட்பார்க்கு, பிள்ளைகளின் படிப்புச் செலவும் விடுதியும் இச்சங்கத்தாலே நடக்கின்றன என்பதையே விடையாகச் சொல்லுகின்றோம். அவ்விடை முழுவிடையன்று என்பதையும் அறிவோம். 1921இல் தூத்துக்குடியில் ‘நாடார் பாங்கு’ என்று தொடங்கிய நமது வங்கி 1962இல் ‘தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன்பின் அது பிற சமூகத்தார்க்கும் பிற மாகாணத்தார்க்கும் கடன் கொடுத்து வளர்ந்ததேயன்றி, நம்மவர் யாரும் அதனாற் குறைந்துவிடவில்லை.

பலகையில் வேண்டுவது வேறொன்று. அவர் யார், எந்த ஆண்டில் எந்த ஜில்லாவில் எந்த உத்தரவைப் பிறப்பித்தார் என்று இரண்டு வரி, நடைபாதையில் நிற்பவர் படிக்கும்படி எழுதிவைத்தாற் போதும். மாநகராட்சிக்கு அவ்வாறு விண்ணப்பிப்பது குறித்து அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொணர எண்ணியிருக்கின்றோம். மாம்பலத்திற் பழைய நாளிற் கடை வைத்திருந்த குடும்பத்தார், தம்மிடம் அக்காலத்து ரசீதுகள், வாடகைச் சீட்டுகள், புகைப்படங்கள், மகமைக் கணக்குகள் இருப்பின், பிரதியெடுத்துக்கொண்டு திருப்பித் தர வசதியாக, முன்னதாகவே சங்கக் காரியாலயத்தில் ஒப்புவிக்கும்படி வேண்டுகின்றோம்.