பாயருகே வந்த அயலார்

முற்றிய புற்றுநோய் கண்ட முதியவரை, “இனிச் செய்வதற்கொன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துப் போங்கள்” என்று பட்டணத்து வைத்தியசாலையார் அனுப்பிவிட்டபின், கிராமத்துக் குடும்பம் என்ன செய்கிறது? சரித்திரம் எழுதுவோர் இவ்வினாவிற்கு அதிகம் இடந்தருவதில்லை. கேரள நாட்டில் கடந்த முப்பதாண்டுகளில் நிகழ்ந்தவை இதற்கு ஓரளவு விடையளிப்பதாக நாம் கருதுகிறோம்.

வாயால் உட்கொள்ளும் மார்பின் புற்றுநோய் வலியைத் தணிக்குமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-ல் நூல் வெளியிட்டு அறிவித்தது. சர்க்கார் அனுமதியுடன் அபினி பயிராகும் இந்தியாவிலோ, அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டம் அம்மருந்தை வைத்தியசாலைகளினின்றும் ஏறக்குறைய ஓட்டிவிட்டது. கள்ள வியாபாரிக்கு விரித்த வலையில் பாயிற் கிடந்த கிழவரே அகப்பட்டார். அவர் பட்ட வேதனையைத் தலைவிதியென்றனர் ஊரார். மருந்தைத் தடுத்தது விதியா? பல லைசென்ஸுகள் கேட்ட சட்டமன்றோ!

1993-ல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலிதணிப்புச் சங்கமொன்றைத் தோற்றுவித்தனர். ஆயின் எழுந்து நடக்கமாட்டாத முதியவர் கோழிக்கோட்டிற்கு எங்ஙனம் வருவார்? எனவே 2001 முதல் மலப்புறம் முதலிய ஜில்லாக்களில் அண்டை அயலாரே குழுக்களாகத் திரண்டனர். வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடியோர் பயிற்சி பெற்று நர்ஸுடன் வீடுவீடாகச் சென்றனர். புண்ணைக் கழுவிக் கட்டவும், படுக்கைப்புண் வராமற் புரட்டிக் கிடத்தவும் வீட்டாருக்குக் கற்பித்தனர். சம்பாத்தியம் நின்ற வீட்டிற்கு அரிசியும், பிள்ளைகளின் பள்ளிச் செலவிற்குப் பணமும் திரட்டினர்.

குடும்பத்தின் பொறுமையென்று நாம் புகழ்வது பெரும்பாலும் மனைவியோ மருமகளோ இழந்த உறக்கமேயாம். மகன் வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்புவான். கடல் கடந்த நமக்கு இது புதிதன்று. நோயின் பெயரை முதியவரிடம் மறைத்து, வயிற்றுப்புண்ணென்று வீட்டார் சொல்லிவைப்பர். அவரோ பிள்ளைகள் கலங்குவரென்றஞ்சி, அறியாதார் போற் கிடப்பார். இதற்காக வீட்டாரைக் குறைகூற நாம் துணியோம். முனகிக் கிடப்பவரிடம் எவர்தாம் உண்மை பேசுவர்? வலி தணிந்தபின்னரே பேச்சுப் பிறக்கிறது: நிலப்பத்திரம், பேத்தியின் கலியாணம், நெடுநாளாய்ப் பேசாதிருந்த தம்பியை வரவழைப்பது.

கேரள சர்க்கார் 2008-ல் இதற்கெனக் கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகளிடம் பொறுப்பளித்தது. இந்தியச் சட்டம் திருத்தப்பட்டதோ 2014-ல். அதன் பின்னும் மார்பினைக் கையாளப் பழகிய டாக்டர் இல்லாத ஜில்லாக்கள் பல. அங்குள்ள மகன் இன்றும் மருந்துச்சீட்டுடன் பட்டணத்திற்குப் பஸ் ஏறுகிறான்.