மூல நோய்

மூல நோய் அல்லது மூலம் என்பது குதத்தின் உட்சுவரில் உள்ள குருதிக்குழாய்த் திசுக்கள் வீங்கிக் கீழிறங்குவதால் ஏற்படும் நோயாகும். பேச்சு வழக்கில் இது பைல்ஸ் எனவும் அழைக்கப்படுகிறது. மெத்தை போன்ற இத்திசுக்கள் எல்லோருக்கும் இயல்பாகவே உள்ளன. மலமும் வாயுவும் கசியாமல் குதத்தை மூடுவதற்குத் துணைபுரிகின்றன. அவை வீங்கிக் குருதி கசிவதும் வெளித்தள்ளுவதுமே நோயாகக் கருதப்படும்.

காரணங்கள்

மலச்சிக்கல், மலம் கழிக்கையில் முக்குதல், கழிப்பறையில் நெடுநேரம் அமர்ந்திருத்தல், நாட்பட்ட வயிற்றுப்போக்கு, கருவுற்றிருத்தல், உடற்பருமன், முதுமை ஆகியவை இந்நோயுடன் தொடர்புடையவை.

வகைகள்

குதத்தின் உட்பகுதியில் தோன்றுவது உள்மூலம், வாயிலில் தோன்றுவது வெளிமூலம் எனப்படும். உள்மூலம் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது:

* முதல் நிலை: குருதி கசியலாம், வெளித்தள்ளாது.
* இரண்டாம் நிலை: முக்கும்போது வெளித்தள்ளித் தானே உட்செல்லும்.
* மூன்றாம் நிலை: கையால் உள்ளே தள்ள வேண்டும்.
* நான்காம் நிலை: உள்ளே தள்ள இயலாது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

உள்மூலத்தில் பெரும்பாலும் வலியின்றிச் செந்நிறக் குருதி வெளியேறும். வெளிமூலத்தில் குருதி உறைந்தால் கடும் வலி உண்டாகும். நெடுநாள் குருதியிழப்பால் இரத்தசோகை ஏற்படலாம்.

குருதி வருவதெல்லாம் மூலம் அன்று. குதப் பிளவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றிலும் குருதி வரும். எனவே மருத்துவர் விரலாலும் குதநோக்கியாலும் சோதித்த பின்னரே மூலம் என உறுதி செய்ய வேண்டும். கருநிற மலம், எடை குறைதல், மலங்கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் ஆகியவை இருப்பின் பெருங்குடல் அகநோக்கிச் சோதனை தேவைப்படலாம்.

சிகிச்சை

உணவு: நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்தும் போதிய நீரும் பரிந்துரைக்கப்படுகின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலை சுற்றுவட்டாரத்தில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு போன்றவற்றைத் தவிடு நீக்காமல் உண்டால், தீட்டிய வெள்ளரிசியை விட மிகுதியான நார்ச்சத்து கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்வது வலியைக் குறைக்கும்.

எளிய முறைகள்: மூலத்தின் அடியில் இரப்பர் வளையம் இட்டுக் குருதியோட்டத்தை நிறுத்தும் முறை முதல் மூன்று நிலைகளுக்கு ஏற்றது. மருந்தை ஊசி மூலம் செலுத்திச் சுருக்கும் முறையும் உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை.

அறுவை: முற்றிய நிலையில் மூலத்தை வெட்டி நீக்குவர். 1937 இல் மில்லிகன், மார்கன் ஆகியோர் விவரித்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. தைப்புக் கருவியால் மேலே இழுத்துப் பொருத்தும் முறையை 1998 இல் இத்தாலியரான லோங்கோ விவரித்தார்.

சித்த மருத்துவம்: கருணைக்கிழங்கு இலேகியம், துத்தி இலை ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன.

காலந்தாழ்த்துதல்

நோய் மறைவிடத்தில் உள்ளமையால் பலர் கூச்சத்தால் வெளியில் சொல்வதில்லை. சிலர் தகுதியற்றோரிடம் செல்கின்றனர். அவர்கள் இடும் காரமருந்துகள் குதத்தைப் புண்ணாக்கிச் சுருங்கச் செய்யக்கூடும். தொடக்க நிலையில் உணவு மாற்றமும் இரப்பர் வளையமும் போதுமானவை. நான்காம் நிலையில் பெரும்பாலும் அறுவை தேவைப்படும். மலையூரில் வாழ்பவருக்கு இது சமவெளிப் பயணமும் பல நாள் கூலியிழப்பும் ஆகும். 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது.