நூறு ரூபாய்த் தாளில் ஒரு பிரதமர்

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தை 1956இல் கொண்டுவந்த இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தார். 1963இல், அவருடைய மனைவி சிறிமாவோ பிரதமராக இருந்தபோது, கணவரின் முகம் நூறு ரூபாய்த் தாளில் ஏறியது. இங்கிலாந்தில் அச்சாகிக் கொழும்புக்கு வந்த அந்தத் தாளில் தொகை தமிழிலும் இருந்தது. காசு நாடு முழுக்கச் செல்ல வேண்டுமே. அங்கே பிடிவாதம் கட்டுப்படியாகாது போலும்.

அந்தத் தாள் வந்து சேர்ந்த கிழக்கிலங்கையின் கல்முனைக் கரைக்குப் பண்டாரநாயக்க புதியவர் அல்லர். 1956இல் தமிழரசுக் கட்சியில் நின்று வென்ற கல்முனை எம்.சி. அகமதுவும் பொத்துவில் எம்.எம். முஸ்தபாவும் பிறகு அவர் பக்கமே போனார்கள். அவர் இறந்தபின் முஸ்தபா சில மாதம் நிதியமைச்சராகவும் இருந்தார்.

நூறு ரூபாய் அன்று பெரிய காசு. வயற்காரப் போடிமாரின் நெல் வெள்ளாமைக் காசாகவும், மருதமுனைக் கைத்தறிக்காரரின் முதலாகவும் அது கைமாறியது. இந்தக் கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் சீதனம். குமர், அதாவது மணமாகாத மகள், இருக்கும் வீட்டில் காசு சேராமல் தீராது. வட்டி ஹராம் என்று வங்கியை ஒதுக்கிய முஸ்லிம்களுக்கு வீட்டுப் பெட்டகம்தான் சேமிப்புக் கணக்கு.

1965இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வர, புதிய தாள்களில் பராக்கிரமபாகு மன்னன் வந்தான். பழையவையும் கூடவே புழங்கின. 1970 மே மாதம் சிறிமாவோ ஆட்சிக்குத் திரும்பி வந்தார். ஒக்டோபர் கடைசியில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். குறி கறுப்புப் பணத்துக்கு. ஆனால் மன்னன் படமும் தன் பிரதமரின் கணவர் படமும் சேர்ந்தே செல்லாக்காசாயின. சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். சிறுபோக வெள்ளாமை முடிந்து கையில் காசு புழங்கிய காலம்; நோன்பின் தலைப்பிறையும் அதே கிழமையில். கணக்குக் காட்டாத பெரும்புள்ளியும் பெட்டகத்தில் வைத்திருந்த உம்மாவும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க வீசும் வலைக்குக் கண் அளவு தெரியாது என்பது என் எண்ணம்.

1971இலிருந்து வந்த தாள்களில் பண்டாரநாயக்க சிரித்தபடி திரும்பினார். 1977இல் மறுபடி ஆட்சி மாற, அவர் இடத்தில் அரச சின்னம் வந்தது.

பிறகு 2009இல், போர் முடிந்த வருடம், ஆயிரம் ரூபாய்த் தாளில் மகிந்த ராஜபக்ச வந்தார். இவர் இறக்கும்வரை காத்திருக்கவில்லை. ஜனாதிபதியாக இருக்கும்போதே வந்துவிட்டார். 2015 ஜனவரியில் தேர்தலில் தோற்றார். தாள் செல்லும்.