நிப்பா நோயும் மூளையின் காவல் அணுக்களும்

மூளையிலேயே தங்கி அதைக் காக்கும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா 1919இல் இவற்றைத் தனி வகையாக அடையாளங்கண்டார். மெல்லிய கிளைகளை ஓயாது நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவும் இவற்றின் போக்கைப் பெரிதும் ஆளுவன, அண்டை அணுக்கள் வெளியிடும் வேதிச் செய்திகளே. நலமுள்ள நரம்பணுவின் ஃபிராக்டல்கைன் என்னும் புரதம் அவற்றை அடக்கிவைக்கிறது. காயமுற்ற அணுவிலிருந்து கசியும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறோ சில நிமிடங்களிலேயே அவற்றின் கிளைகளைக் காயத்தின் பக்கம் இழுக்கிறது.

இச்செய்திகள் கட்டுமீறினால் நேர்வதை உணர, மலேசியா கண்ட நோயொன்றே போதும். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தோன்றி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சல் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கோலாலம்பூரின் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1999இல் 94 நோயாளிகள் ஆராயப்பட்டனர். பெரும்பாலோர் பன்றிப் பண்ணைகளோடு தொடர்புடையவர்கள். அங்கே டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுக்க, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு அமைந்தது. நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைக் கொண்ட இந்நோயின் உள்ளியக்கத்தை வெளிக்கொணர்ந்ததில், டாக்டர் வோங் கும் தோங் குழுவினரின் பிணக்கூறாய்வுப் பணி, வைரஸைக் கண்டறிந்த பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

எஃப்ரின்-பி2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்தக்குழாய்ச் சுவரணுக்களிலும் நரம்பணுக்களிலும் நிப்பா நுழைகிறது. தொற்றிய சுவரணுக்கள் சிஎக்ஸ்சிஎல்-10 என்ற கீமோகைனை, அதாவது பிற அணுக்களைத் தம்பால் ஈர்க்கும் புரதத்தை, மிகுதியாகச் சுரப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. இத்தகைய ஈர்ப்புக்கு உட்பட்டு மூளைக்குள் வரும் டி-அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்ஃபெரான்-காமா என்னும் செய்திப் புரதத்தை வெளியிட, அதனால் கிளர்ந்த மைக்ரோகிளியா உருத்திரிந்து தாமும் அழற்சிப் புரதங்களைச் சுரக்கும். வைரஸை ஒடுக்கவேண்டிய அதே வினை அளவு மிஞ்சினால் நரம்பணுக்களையும் பதம்பார்க்கிறது.

பிழைத்தோருள் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளையழற்சி மீண்டது. அவ்வாறு இறந்தோரின் மூளையில் வைரஸின் புரதங்கள் தென்பட்டபோதிலும், முதற்கட்ட நோயின் அடையாளமாக இருந்த இரத்தக்குழாய் அழற்சி காணப்படவில்லை. ஆகவே மீண்டெழும் நோயின் வேதிச் செய்திகளைக் குழாய்ச் சுவரில் தேடுவதைவிட, நரம்பணுக்களுக்கும் மைக்ரோகிளியாவுக்கும் இடையில் தேடுவதே பொருத்தமாகும்.