சுழியும் தகடும்: கிருஷ்ணா ரெட்டியின் அச்சுக்கலை

அருவ ஓவியம் இயற்கையைத் துறந்த கலை என்னும் கருத்து அறிஞரிடையேயும் வழங்கி வருகின்றது. அச்சோவியமோ, மூலப் படைப்பின் வெறும் படி என்று தாழ்த்தி மதிக்கப்படுகின்றது. இவ்விரு கருத்துகளையும் தம் பட்டறை உழைப்பால் மறுத்துக் காட்டியவர் கிருஷ்ணா ரெட்டி.

1925இல், அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த அவர், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். செடிகொடிகளை நேரில் கண்டு வரைதல் அங்குக் கல்வியின் அடித்தளமாக விளங்கிற்று. 1940களின் பிற்பகுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பின்னர் இலண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிசில் ஒசிப் ஜாட்கினிடமும் சிற்பம் கற்றார். ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் பாரிசில் நடத்திய ‘அட்லியே 17’ என்னும் பட்டறையே அவர்தம் கலைவாழ்வின் களமாயிற்று.

சிற்பியாதலின் அவர் தகட்டைத் தட்டையான பரப்பாகக் கருதவில்லை. அமிலத்தால் அரித்தும் கருவிகளால் குடைந்தும் அதில் மேடு பள்ளங்களை அமைத்தார். அக்கால வழக்கில் பல வண்ண அச்சுக்குப் பெரும்பாலும் வண்ணந்தோறும் தனித்தனித் தகடு வேண்டும். ரெட்டி, கைக்கோ மோத்தி, ஹேட்டர் முதலியோர் 1950களில் வளர்த்த முறையோ ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றியது. அதன் அடிப்படை எளிது. ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகக் கலந்த மை இளகியிருக்கும். குறைவாகக் கலந்தது இறுகியிருக்கும். இளகிய மையைக் கடின உருளையால் உருட்டினால் மேடுகள் மட்டும் அதனை ஏற்கும். அதன்பின் இறுகிய மையை மென்மையான உருளையால் உருட்டினால், அது பள்ளங்களில் படியும். மேட்டிலுள்ள எண்ணெய்ப் பசை அதனை விலக்கிவிடும். தகடு அச்சுப்பொறியில் ஒருமுறை சென்றதும் வண்ணங்கள் யாவும் தாளில் ஒருங்கே பதியும்.

இம்முறை அவர் நோக்குக்கு முற்றும் பொருந்தியது. ‘பூச்சி’, ‘மீன்’ (1952) எனத் தொடங்கிய அவர், ‘அலை’, ‘நீர்ச்சுழி’ (1963) ஆகியவற்றில் உருவத்தை விடுத்து, அதனை இயக்கும் விசையைப் பற்றினார். ‘நீர்ச்சுழி’யில் நீரின் தோற்றம் இல்லை, சுழற்சியின் இழுப்பு உண்டு. நீர் மேட்டை விலக்கிப் பள்ளத்தை நாடுவது போன்றே மையும் தகட்டில் தன் வழியைத் தேடிற்று. இயற்கை அங்குக் கருப்பொருளாக மட்டுமன்றிச் செய்முறையாகவும் அமைந்தது எனலாம். மையின் இளக்கம் சிறிது மாறினும் அதே தகடு வேறொரு வண்ணக் கோலம் தரும். எனவே அவர்தம் அச்சுகளைப் படிகள் என்பது பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு புதிய ஆக்கம்.

1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ரெட்டி, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் குடியேறிப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1988இல் தம் முறையை நூலாக்கினார். தாம் கண்டதை மறைக்காமல் மாணவர்க்கு வழங்கிய அவர் 2018இல் மறைந்தார். சென்னையில் அவர் பணியாற்றிய ஆண்டுகள் சிலவே. எனினும், சாந்திநிகேதனுக்கும் பாரிசுக்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகளுக்கு நம் கலை வரலாற்றில் ஓர் இடம் உண்டு.