துலக்கிய கையும் ஏற்றிய கையும்

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை வியாழக்கிழமைதோறும் துலக்கியவர் என் அத்தை. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமம். கிணற்றடியில் உட்கார்ந்து, ஊறவைத்த பழம்புளியோடு செங்கல் தூளைச் சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார். பீடம் ஒருபக்கம், தண்டு ஒருபக்கம், அகல் ஒருபக்கம் என்று விளக்கு கழன்று கிடக்கும். உச்சியிலிருக்கும் அன்னத்தின் கழுத்து மடிப்பில் பிசுக்கு ஏறியிருந்தால் ஈர்க்குச்சியால் சுரண்டி எடுப்பார். கழுவித் துடைத்து, பூட்டி, கூடத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணி, எல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று குரல் கொடுப்பார். பிறகு சமையலறைக்குள் போய்விடுவார். மறுநாள் அந்தியில் பொட்டு வைத்துப் பூ சூட்டி, ஐந்து முகத்தையும் ஏற்றுவது அம்மா.

அத்தைக்கு 26 வயதில் கணவர் இறந்துபோயிருந்தார். பத்து வயதில் ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் அத்தை நீங்க ஏத்தறதே இல்ல?" அவர் நாரை நிறுத்தாமலே சொன்னார்: "என் கைக்குப் புளிதான்டி ராசி."

தமிழில் முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் அந்தப் பதிலை என்னால் கடந்து போக முடியவில்லை. விளக்குக்கு ஆன்மிகப் பொருள் உண்டு என்கிறார்கள். உண்டுதான். அந்தப் பொருளை யார் சொன்னார்கள், அதை யார் தலையில் இறக்கி வைத்தார்கள் என்பதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆன்மிக இதழ்களும் திருவிளக்கு பூசைக் கையேடுகளும் சொல்லும் விளக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பீடம் பிரம்மா, தண்டு திருமால், அகல் உருத்திரன், திரிமுகங்கள் மகேசுவரன், உச்சி சதாசிவன். சுடர் திருமகள், ஒளி கலைமகள், வெப்பம் மலைமகள். இதுவரை விளக்கு ஒரு சிறு கோயில். அடுத்த வரியில் அது பெண்ணாகிவிடுகிறது. ஐந்து முகங்களும் பெண்ணுக்கு வேண்டிய ஐந்து குணங்களாம்: அன்பு, மன உறுதி, நிதானம், சமயோசித புத்தி, சகிப்புத்தன்மை.

இந்த ஐந்தையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதில் எது ஆண்களுக்கு வேண்டாத குணம்?" என்று கேட்பது என் வழக்கம். ஒருமுறை கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "கடைசியா இருக்கறதுதான் மேடம், அதை மொத்தமா எங்களுக்கே குடுத்துட்டாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மொழியும் இதற்குத் துணைபோகிறது. மருமகள் தேடுகிறவர்கள் "வீட்டுக்கு விளக்கேற்ற ஒருத்தி வேணும்" என்கிறார்கள். நல்ல பெண் குலவிளக்கு. விளக்கு அணைந்தது என்று வாயால் சொல்லக் கூடாது, 'மலையேறிவிட்டது' என்றோ 'குளிர வை' என்றோ சொல்ல வேண்டும். தீபத்துக்குக் கூட அமங்கலச் சொல் ஆகாது என்று இவ்வளவு பார்த்துப் பேசும் அதே வீட்டில், கணவனை இழந்தவளுக்கு மட்டும் நேராகவே பெயர் வைத்தார்கள்.

இது எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

நக்கீரரின் நெடுநல்வாடையில் மாலைநேரக் காட்சி ஒன்று உண்டு. மழை மூடிய நாள். பொழுது தெரியவில்லை. பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டு அந்தி வந்துவிட்டதென்று பெண்கள் அறிகிறார்கள். திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். அந்த விளக்கு பித்தளை அல்ல, இரும்பில் செய்தது. இன்று நாம் மங்கலத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் உலோகம். எது மங்கலம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

அதே பாட்டின் அரண்மனைக்குள் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நிற்கிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் எழுநிலை மாடத்தில் பாவை விளக்கு எரிகிறது. இரண்டு பாட்டிலும் தலைவி போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அசையாமல் விளக்கேந்தி நிற்கும் உலோகப் பெண் ஒருத்தி, உறங்காமல் கிடக்கும் உயிருள்ள பெண் ஒருத்தி. காத்திருப்பவளுக்குப் பக்கத்தில் விளக்கை வைக்கும் மரபு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் முல்லைப்பாட்டின் பாசறைக்கும் போய்ப் பாருங்கள். கச்சோடு வாளைக் கட்டிக்கொண்ட பெண்கள், நெய் வார்க்கும் குழலோடு, அணையும் விளக்குகளை மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சுமங்கலிகளா என்று புலவர் கேட்கவில்லை. அவர்கள் செய்வது இரவுப்பணி.

சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு வந்தால் விளக்கு ஒரு கணக்காகிறது. கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி பெருகி எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். விளக்கின் ஒளிக்குப் பின்னால் மேய்ச்சல் நிலமும் ஆடு மேய்த்தவர்களின் உழைப்பும் இருந்தன. கொடுத்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். அரசியர், பிராமணப் பெண்கள், வேளாளப் பெண்கள், கோயிலிலேயே பணிசெய்த தேவரடியார். சொத்தைக் கொடுக்க உரிமை இருந்தவளுக்குத்தான் கல்லில் பெயர் கிடைத்தது. ஆடும் பொன்னும் இல்லாதவள் அங்கேயும் இல்லை.

அவர்களில் ஒருவரை நான் அத்தையோடு சேர்த்தே நினைப்பேன். செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். கணவர் இறந்தபின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் வாழ்ந்தார். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியதும், செப்புத் திருமேனிகளும் வழிபாட்டுக்கு நிவந்தங்களும் கொடுத்ததும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான். கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுத்து, அவர் சிவனை வணங்குவதாகச் சிற்பமும் வைத்தார். அவர் கைம்பெண். அவர் கொடுத்ததைத் தெய்வம் ஏற்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. அரசி என்பதால் சொல்லவில்லை என்பீர்கள். சரிதான். அப்படியானால் தடை தெய்வத்திடம் இல்லை. ஆளைப் பார்த்து வளைந்துகொடுக்கும் தடையைச் சாத்திரம் என்று அழைக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பிற்காலத்தில் தெய்வத்துக்குக் கண்ணேறு கழிக்கக் கும்ப ஆரத்தி சுற்றும் உரிமை தேவதாசிகளிடம் இருந்தது. தெய்வத்துக்கு மணமுடிக்கப்பட்டவள் விதவையாவதே இல்லை, அவள் நித்தியசுமங்கலி என்பதுதான் காரணம். வீட்டில் என் அத்தையின் கையைத் தடுத்ததும், கோயிலில் அவள் கையில் தீபத்தைக் கொடுத்ததும் ஒரே அளவுகோல். இரண்டிலும் அளக்கப்பட்டது கணவன் இருக்கிறானா என்பதே. அந்தப் பெருமைக்குக் கீழே நடந்த சுரண்டலை முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் பாவை விளக்கை இந்த வரிசையில்தான் நிறுத்திப் பார்க்கிறேன். பாவை விளக்குகள் நம் கோயில்களில் ஏராளம். இரண்டு கையாலும் அகல் ஏந்தி, தெய்வத்தின் முன் ஓயாமல் நிற்கும் பித்தளைப் பெண்கள். நேர்ந்துகொண்டவர்கள் தமக்குப் பதிலாக நிறுத்தியவை. பெரும்பாலானவை பெயரற்றவை. திருவிடைமருதூர்ப் பாவைக்குப் பெயர் உண்டு. 1853ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் பீடப் பொறிப்பு, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண்ணான அம்முனு அம்மணியைப் பற்றிச் சொல்கிறது. மாமன் மகன் பிரதாபசிம்மனை மணக்க விரும்பிய அவர், அது கைகூடினால் லட்சம் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். கைகூடியது. ஏற்றிய விளக்குகளில் ஒன்றாகத் தன் உருவத்தையே வார்த்து வைத்தார்.

இதை ஒரு காதல் கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பெண்ணை விளக்கு என்று பிறர் சொல்லிக்கொண்டிருந்த உலகத்தில், ஒரு பெண் தானே தன்னை விளக்காக்கிக்கொண்டு, அதில் தன் பெயரையும் தன் ஆசையையும் எழுதிவைத்திருக்கிறார். சகிப்புத்தன்மை என்று எழுதவில்லை. இவனை மணக்க விரும்பினேன், நடந்தது என்று எழுதியிருக்கிறார். அரச குடும்பத்தின் செல்வம் இல்லாமல் அது முடிந்திருக்காது. ஆனாலும் ஒரு பெண்ணின் விருப்பம் சன்னிதியில் பித்தளையாக நிற்கிறது.

கடைசியாகப் பித்தளையைப் பற்றி. செம்பும் துத்தநாகமும் கலந்தது அது. காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும், பச்சைக் களிம்பு ஏறும். புளியிலுள்ள அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பையே உவமை சொல்கிறது. செம்பு உள்ள அன்றே களிம்பும் உண்டு, அதுபோல் உயிர் உள்ள அன்றே மலமும் உண்டு. இரசக் குளிகை பட்டால் களிம்பு நீங்குவதுபோல் அருளால் மலம் நீங்கும் என்பார்கள். அழகான உவமைதான். பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குக் கிணற்றடி நினைவுக்கு வரும். குளிகையை நான் கண்டதில்லை. களிம்பு நீங்குவதைக் கண்டிருக்கிறேன். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய ஒரு கை, வாரம் ஒருமுறை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்தது. விளக்கின் தத்துவம் எழுதியவர்கள் தண்டுக்கும் அகலுக்கும் தெய்வம் சொன்னார்கள். துலக்குகிறவளுக்கு ஓர் இடம் சொல்லவில்லை.

என் கல்யாணத்தில் மேடை விளக்கை ஏற்றியபோது அத்தை பந்திக்கட்டில் இலை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய இரவு அந்த விளக்கைத் துலக்கியதும் அவரே. அன்று எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லை. இதை எழுதிவைப்பது கௌரவமாக இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அம்மா போனபின் அந்த விளக்கு என் வீட்டுக்கு வந்தது. அடுத்த கார்த்திகைக்கு அத்தை வந்திருந்தார். தீப்பெட்டியை அவர் கையில் வைத்து, "நீங்க ஏத்துங்க அத்தை" என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். என் மகள் திரியை இழுத்துவிட்டு, "சீக்கிரம் பாட்டி, மழை வருது" என்றாள். ஒரு முகம் மட்டும் ஏற்றினார். கை நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது, நான் சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நான்கையும் பேத்தியை ஏற்றச் சொன்னார். விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

ஊருக்குத் திரும்பியபின், ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "அன்னத்து கழுத்துல பிசுக்கு ஏறியிருக்கும். உன் வீட்டுக்காரர் வீட்ல இருந்தா அவரைத் துலக்கச் சொல்லேன்டி. புளியை மட்டும் முதல்நாளே ஊறப்போட்டுடு."