குன்னூருக்கு வந்த நாய் மூளைகள்

கடித்த நாய் தானாகச் செத்தாலும், ஊரார் அதை அடித்துக் கொன்றாலும், கடிபட்டவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதற்கு வெறி இருந்ததா? உடலை அறுத்து வெறுங்கண்ணால் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ரேபிஸ் விட்டுச்செல்லும் தடயம் மூளைத் திசுவில், நுண்ணோக்கிக்கு மட்டும் புலப்படும் அளவில் இருக்கும். தென்னிந்தியாவில் அதைத் தேடும் பணிக்குக் குன்னூர் முக்கிய இடமாயிற்று.

1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது சிகிச்சைக்கென இருந்த கசௌலி நிலையம் இமயமலைப் பக்கம் இருந்தது, 1900இல்தான் தொடங்கியது. தெற்கிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பல நாள் வீணாகும். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் அளித்த நன்கொடையிலிருந்து, தெற்கிலும் ஒரு நிலையம் அமைக்க ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் தென்னிந்திய பாஸ்டியர் நிலையம் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899 முதலே ஓடிக்கொண்டிருந்தது கடிபட்டவர்களுக்கு வசதியாயிற்று.

நிலையம் பிறந்த காலமும் பொருத்தமானது. 1903இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி, வெறிநோயில் இறந்த விலங்குகளின் நரம்பணுக்களுக்குள் சிறு உருண்டைத் துகள்களைக் கண்டார். அவற்றை அவர் நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் என்று கருதியது தவறு. ஆனாலும் அந்த 'நெக்ரித் துகள்கள்' பரிசோதனைக்கு உறுதியான அடையாளமாயின. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தகட்டில் பதித்து, சாயமேற்றிப் பார்த்தால் போதும்.

தொலைவிலிருந்து அனுப்பும் மூளைத் துண்டைக் கிளிசரினில் இடுவது வழக்கம். அது அழுகலைத் தடுக்கும், வைரஸை உயிரோடு வைத்திருக்கும். ஃபார்மலினில் இட்டால் வைரஸ் செத்துவிடும். துகள் தென்படாதபோது மூளைச் சாற்றை முயலுக்கோ, பிற்காலத்தில் எலிக்கோ செலுத்தி, அது நோயுறுகிறதா என்று காத்திருக்க வேண்டியிருந்ததால் இந்த வேறுபாடு முக்கியம்.

இங்கேதான் சிக்கல். அறிகுறி தோன்றியதுமே நாயைக் கொன்றுவிட்டால் துகள்கள் உருவாகாமலே இருந்திருக்கலாம். மண்டையை நொறுக்கினால் பார்க்கவே மூளை மிஞ்சாது. எனவே துகள் இல்லை என்ற முடிவு நாய் நோயற்றது என்பதற்குச் சான்றாகாது. நாயை அடிக்காமல் கட்டிவைத்து 10 நாள் கவனிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் ஊசி போட்டுவிடலாம் என்பதும் அன்று எளிய முடிவல்ல. டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. வயிற்றில் நாள்தோறும் குத்தும் அந்த ஊசிகளே சிலருக்கு வாதத்தை வரவழைத்தன. இறந்த நாயின் மூளையைப் பற்றிய அறிக்கைக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

1958இல் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை வந்தது. நெக்ரித் துகள் தோன்றாத மூளையிலும் அது வைரஸைச் சில மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கும். மூளைத் திசு கலவாத செல் வளர்ப்புத் தடுப்பூசிகள் பரவிய பின் மருத்துவர்கள் மூளை அறிக்கைக்காகக் காத்திருப்பதில்லை. கடிபட்ட உடனே ஊசியைத் தொடங்குகிறார்கள். நோய் எந்தப் பகுதியில், எந்த விலங்குகளில் நடமாடுகிறது என்று கண்காணிக்க மூளைப் பரிசோதனை இன்றும் பயன்படுகிறது.